பின்னணி வேலை: லாம்டாவா, கண்டெய்னரா என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி

காரைக்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் கண்டாங்கிச் சேலை, ஆத்தங்குடிக் கல், பலகாரம் விற்கும் பலருக்கு இன்று சொந்த இணையதளம் இருக்கிறது. அவற்றை எழுதித் தரும் இளைஞர்கள், வாங்குபவரைக் காக்க வைக்காமல் திரைக்குப் பின்னால் நடக்க வேண்டிய பின்னணி வேலை என்றதும் "லாம்டாவா, கண்டெய்னரா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். லாம்டா என்பது அழைக்கும்போது மட்டும் நம் நிரலை ஓட்டித் தரும் அமேசான் சேவை; கண்டெய்னர் என்பது நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டி, வேண்டிய நேரம் வரை ஓடவிடும் பொதி. எது பாதியில் நின்றால் யாருக்கு நட்டம், எது இரண்டு முறை ஓடினால் யாருக்கு நட்டம் என்பதை முதலில் எழுதி வைத்துவிட்டால், பெரும்பாலும் விடை தானே வந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு சேலை ஆர்டரை எடுத்துக்கொள்வோம். பணம் வந்ததும் பில் தயாரிப்பது, வாட்ஸப் செய்தி அனுப்புவது, கூரியர் பதிவு செய்வது எல்லாவற்றையும் வாங்குபவர் பதிலுக்குக் காத்திருக்கும் அதே கோரிக்கைக்குள் செய்தால், கூரியர்காரரின் சர்வர் மந்தமானவுடன் வாங்குபவரின் திரையில் பிழை தோன்றும். பணம் போகவில்லை என்று நினைத்து அவர் மறுபடியும் கட்டுவார். ஆர்டரை டேட்டாபேஸில் எழுதி, செய்ய வேண்டிய வேலைகளுக்கான வரிசையில் ஒரு செய்தியைப் போட்டுவிட்டு உடனே பதில் சொல்லிவிட வேண்டும். மீதியை வொர்க்கர், அதாவது வரிசையிலிருந்து செய்தியை எடுத்து வேலை செய்யும் தனி நிரல், பார்த்துக்கொள்ளும்.

ஆனால் வரிசைக்கும் ஒரு குணம் உண்டு. அமேசானின் வரிசைச் சேவையான எஸ்க்யூஎஸ்ஸின் (SQS) சாதாரண வரிசை ஒரு செய்தியைக் குறைந்தது ஒரு முறை தருவதாகத்தான் உறுதி சொல்கிறது, ஒரே ஒரு முறை என்று சொல்லவில்லை. ஒரு வொர்க்கர் எடுத்த செய்தி மற்றவர்களுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் நேரம், நாம் மாற்றாதவரை, 30 விநாடி. கூரியர் பதிவு 40 விநாடி இழுத்தால் அதே செய்தி இன்னொரு வொர்க்கர் கைக்குப் போய், ஒரே சேலைக்கு இரண்டு பதிவு விழும். மறைவு நேரத்தைக் கூட்டுவது மட்டும் போதாது. ஓர் ஆர்டர் எண்ணுக்கு ஒரு பதிவுதான் என்ற கட்டுப்பாட்டை டேட்டாபேஸிலேயே வைத்து, கூரியர் சர்வரை அழைக்கும் முன்பே அந்தப் பதிவுக்கான வரியை அதில் எழுதிவிட வேண்டும்.

குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானை (cron) நான் கடைசியாகத்தான் தேர்ந்தெடுப்பேன். தினசரிக் கணக்கு போன்ற, கடிகாரத்தைப் பார்த்தே நடக்க வேண்டிய வேலைகளுக்கு அது சரி. பயன்பாட்டுக்குள்ளேயே கிரானை வைத்துவிட்டு, தீபாவளிப் பலகார நெரிசலுக்காக சர்வரை இரண்டாக்கினால், இரண்டிலும் கிரான் ஓடி ஒவ்வொரு நினைவூட்டலும் இரண்டு முறை போகும். கிளவுட் கடிகாரம் பெரும்பாலும் யூடிசி (UTC) எனும் உலகப் பொது நேரத்தில் ஓடுவதால், 12 மணி என்று எழுதிய நள்ளிரவுக் கணக்கு இங்கே காலை 5.30க்கு ஓடும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

நீண்ட வேலைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லாம்டா 15 நிமிடத்தில் நிறுத்திவிடும். ஆத்தங்குடிக் கல்லின் நூற்றுக்கணக்கான படங்களைச் சிறிதாக்க வேண்டுமானால் படத்துக்கு ஒரு செய்தி என்று பிரித்தால் போதும். பிரிக்கவே முடியாத வேலைக்குத்தான் கண்டெய்னர்.

பலமுறை முயன்றும் தோற்ற செய்திகளுக்குத் தனி வரிசை ஒன்று கட்டாயம் வேண்டும். எஸ்க்யூஎஸ் வழக்கமாக ஒரு செய்தியை 4 நாள்தான் வைத்திருக்கும், கூட்டினாலும் 14 நாள்தான். ஆகையால் அந்தத் தனி வரிசையில் ஒன்று விழுந்தவுடனே கடைக்காரரின் கைபேசிக்குத் தகவல் போக வேண்டும். அதில் பிழைக் குறியீடு எதுவும் வேண்டாம். ஆர்டர் எண்ணும் வாங்கியவர் பெயரும் இருந்தால், கடைக்காரரே ஒரு போன் போட்டுப் பேசிச் சரிசெய்துவிடுவார்.