வீடியோ இருந்தால் எழுத்து வேண்டாமா?

"வீடியோ இருக்கும்போது சைகை மொழிக்கு எழுத்து எதற்கு?" என்று கட்டுரையில் கேட்டிருக்கிறீர்கள். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்து பாருங்கள். காது கேளாத என் தங்கச்சி கடைச் சாமான் பட்டியலைத் தமிழில்தான் எழுதுகிறாள். அது அவளுக்கு இரண்டாவது மொழி. தன் கை பேசுவதைக் கொப்பியில் எழுத வழியில்லை.

சைகை மொழியைத் தாளில் எழுத வலரி சட்டன் 1974இல் உருவாக்கிய சைன்ரைட்டிங் என்ற முறையை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நடன அசைவுகளைக் குறிக்க அவர் வைத்திருந்த முறைதான் டென்மார்க்கில் சைகைக்கு மாறியது. உள்ளங்கை தெரிந்தால் கைக் குறி வெள்ளை, புறங்கை தெரிந்தால் கறுப்பு, முகத்துக்கு வட்டம், தொடுகைக்கு நட்சத்திரக் குறி. உயர்ந்த புருவத்தையும் வட்டத்துக்குள் போடலாம். பல சைகை மொழிகளில் கேள்வியே புருவத்தில்தானே இருக்கிறது!

2015இல் இந்தக் குறிகளைக் கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடிலும் சேர்த்துவிட்டார்கள். சரி, ஆனால் குறிகளை மேலும் கீழும் பக்கத்திலுமாக அடுக்குவது சாதாரணத் தட்டச்சில் வராது. கையால் எழுதுவதே சுகம்.

அப்புறம், தங்கச்சிக்கு ஐந்தாறு குறிகளைக் காட்டினேன். முதல் வேலையாக எனக்குச் சைகையில் வைத்திருக்கும் பட்டப்பெயரை எழுதினாள், மூக்கைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு.