நார்வுட் மீது மட்டும் பழி போடாதீர்கள்

அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலைப் பற்றி, "ஸ்காட் நார்வுட் சுலபமான உதையைக் கோட்டைவிட்டதால்தான் பஃபலோ பில்ஸ் அணி தோற்றது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. 1991 ஜனவரி 27, டாம்பா. 20-19 என்று எதிரணி நியூயார்க் ஜயன்ட்ஸ் முன்னிலை, மீதம் 8 விநாடி. பில்ஸின் உதைப்பாளர் நார்வுட்டின் உதை கம்பங்களுக்கு நடுவே போனால் 3 புள்ளி, வெற்றி. அவர் உதைத்தது 47 யார்டிலிருந்து, அதுவும் புல்தரையில். அந்தக் காலத்தில் அதைச் சுலபம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பந்துக்கு உயரமும் தூரமும் இருந்தன, வலப்பக்கம் விலகிவிட்டது, அவ்வளவுதான்.

ஆட்டம் கைநழுவியது அதற்கு முன்பே. 60 நிமிடத்தில் 40 நிமிடத்துக்கு மேல் பந்து ஜயன்ட்ஸிடமே இருந்தது. மூன்றாம் கால்பகுதியில், பந்தை விடாமல் வைத்து முன்னேறிய ஒரே தொடரில் ஒன்பதரை நிமிடத்தை விழுங்கினார்கள். அதில் பந்தைத் தக்கவைக்க 13 யார்டு தேவைப்பட்ட மூன்றாவது முயற்சியில் ஜயன்ட்ஸின் மார்க் இங்ராம் குட்டைப் பாஸைப் பிடித்து, பில்ஸ் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து மோத, நழுவி, சுழன்று, ஒற்றைக் காலில் தத்தி 14 யார்டு போய் விழுந்தார். அந்தத் தடுப்புகளில் ஒன்றாவது பலித்திருந்தால் கதையே வேறு. அதையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

அப்புறம், ஊர் திரும்பிய அணியை வரவேற்கக் கூடிய பஃபலோ ரசிகர்கள் நார்வுட்டைத்தான் பேச வரச்சொல்லிக் கோஷம் போட்டார்கள். அவர் கண்கலங்கிப் பேசினார்.