தூங்கத்தானே போகிறோம் என்று சொல்லாதீர்கள்

"ராத்திரி தூங்கத்தானே போகிறோம், ஹோட்டல் எங்கே இருந்தால் என்ன?" பாரிஸுக்கு மூன்று நான்கு நாள் வரத் திட்டம் போடுகிற நண்பர்களும் சொந்தக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். இந்த ஊரில் பல வருடமாகக் குடியிருக்கிறேன். வருகிறவர்களுக்கு ரூம் பார்த்துச் சொல்வது கிட்டத்தட்ட என் பொறுப்பாகவே ஆகிவிட்டது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பயணம் எவ்வளவு சின்னதோ, ஹோட்டல் இருக்கும் இடம் அவ்வளவு முக்கியம். இரண்டு வாரம் தங்குகிறவர் ஊருக்கு வெளியே இருந்தாலும் சமாளித்துவிடலாம். மூன்று நாள் வருகிறவரால் முடியாது.

போன வருடம் கோயம்புத்தூரிலிருந்து தெரிந்த தம்பதி ஒருவர் வந்திருந்தார்கள். இருவருக்கும் அறுபதைத் தாண்டிய வயது. ஏஜென்சி மூலம் வந்தவர்கள். ஹோட்டல் பெயரில் பாரிஸ் இருந்தது, ஹோட்டல் பாரிஸில் இல்லை. ரயில் ஏறி, இறங்கி, பிறகு பஸ் பிடித்துப் போக வேண்டிய புறநகர். காலையில் லூவர் அருங்காட்சியகம் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது மணி மூன்று. அண்ணனுக்கு முட்டி வலி. ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுத்தால் போதும், சாயங்காலம் ஆற்றங்கரைக்குப் போய்விடலாம். ஆனால் ரூமுக்குப் போனால் திரும்பி வர முடியாது என்று இருவருக்கும் தெரியும். பக்கத்திலிருந்த துயிலரி தோட்டத்தில் பச்சை நிற இரும்பு நாற்காலிகள் இரண்டை இழுத்துப் போட்டு, ஒன்றில் உட்கார்ந்து, இன்னொன்றில் காலைத் தூக்கி வைத்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு, குளிரில் ஏழு மணி வரை இருந்தார்கள். நான் வேலை முடிந்து போய்ச் சேர்ந்தபோது அக்கா, "ரூம் பக்கத்துல இருந்திருந்தா ஒரு தூக்கம் போட்டிருப்பாரு தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு மத்தியானத் தூக்கத்துக்குத்தான் ஊருக்குள் ரூம் எடுக்கச் சொல்கிறேன். இளைஞர்களுக்கும் இது பொருந்தும். ஈரத் துணியை மாற்ற, போனுக்குச் சார்ஜ் போட, குழந்தைக்குச் சாப்பாடு ஊட்ட, பகலில் ஒரு தடவையாவது ரூமுக்குப் போகத்தான் வேண்டியிருக்கும்.

பாரிஸ் சின்ன ஊர். நகர எல்லைக்குள் மொத்தம் சுமார் 105 சதுர கிலோமீட்டர்தான். அதை 20 வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். நடுவில் லூவர் பக்கம் தொடங்கி நத்தை ஓடு மாதிரி சுற்றிக்கொண்டே போகும் எண்கள். ஹோட்டல் எந்த வட்டாரத்தில் என்று தெரிந்துகொள்ள மேப் கூட வேண்டாம், பின்கோடைப் பார்த்தால் போதும். 75005 என்றால் ஐந்தாவது வட்டாரம், 75011 என்றால் பதினோராவது. 92, 93, 94 என்று தொடங்கினால் அது பக்கத்து மாவட்டம், பெயரில் என்ன எழுதியிருந்தாலும் சரி. 77, 95 என்று தொடங்கினால் இன்னும் தூரம். ஏஜென்சியில் பணம் கட்டுவதற்கு முன்னால் ஹோட்டல் முகவரியை எழுத்தில் கேளுங்கள். "பாரிஸ் ஏரியாவில் மூன்று நட்சத்திரம் அல்லது அதற்கு இணையானது" என்று எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

வெளியே தங்கினால் காசு மிச்சம் என்பது உண்மைதான், அதை மறுக்கவில்லை. 2025 ஜனவரியில் டிக்கெட் முறையை மாற்றியபோது, விமான நிலையம் தவிர பாரிஸும் சுற்றியுள்ள மாவட்டங்களும் சேர்ந்த பகுதி முழுவதற்கும் மெட்ரோ, ரயில் இரண்டுக்கும் ஒரே விலை, 2.50 யூரோ என்று வைத்தார்கள். அதனால் தூரத்திலிருந்து வருவதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை. நீங்கள் கொடுப்பது நேரமும் கால் வலுவும். இங்கே மெட்ரோவில் படிகள் அதிகம். பழைய நிலையங்களில் பெரும்பாலானவற்றில் லிஃப்ட் கிடையாது. ஒரு லைன் மாற, சுரங்க வழியில் நடந்து, ஏறி, இறங்கி, மறுபடி ஏற வேண்டியிருக்கும். இருபத்து மூன்று கிலோ சூட்கேஸோடு அதைச் செய்து பார்த்தவர்களுக்குப் புரியும்.

அடுத்தது ஈபிள் கோபுரம். "ஜன்னலைத் திறந்தால் டவர் தெரிய வேண்டும்" என்று கேட்பவர்கள் நிறைய. ஆசை நியாயமானதுதான். ஆனால் அந்த ஜன்னலுக்கு அவர்கள் கொடுக்கும் விலை எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை. கோபுரத்தைச் சுற்றியிருப்பது வசதியானவர்களின் குடியிருப்புப் பகுதி. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பல தெருக்கள் அடங்கிவிடும், சின்னக் குடும்பத்துக்கு ஏற்ற விலையில் சாப்பாட்டுக் கடை தேடி அலைய வேண்டும். கோபுரத்தைப் பார்க்க ஜன்னல் எதற்கு? ஆறாம் எண் மெட்ரோவில் பாஸி நிலையத்தில் ஏறுங்கள். ரயில் தரைக்கு மேலே பாலத்தில் சேன் ஆற்றைக் கடக்கும். அந்தச் சில விநாடிகளில் கோபுரம் முழுசாகக் கண் முன்னால் நிற்கும். இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி தொடங்கும்போதும் ஐந்து நிமிடம் மினுமினுக்கும். அதை ஆற்றங்கரையில் நின்று யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பார்க்கலாம்.

என்னைக் கேட்டால், முதல் முறை வருகிறவர்களுக்கு கார் து லியோன் ரயில் நிலையத்தைச் சுற்றிய பகுதியைச் சொல்வேன். பன்னிரண்டாவது வட்டாரம். பார்க்கப் பெரிய அழகு என்று எதுவும் இல்லை. ஆனால் முதலாம் எண் மெட்ரோவில் ஏறினால் லூவர், கான்கார்ட், ஷான்செலிசே, வெற்றி வளைவு எல்லாம் ஒரே லைனில் வரிசையாக வந்துவிடும். பதினான்காம் எண் லைன் 2024 ஜூனிலிருந்து ஓர்லி விமான நிலையம் வரை போகிறது. எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் இருக்கிற லைன் அது. வயதானவர்களோடு வருகிறவர்களுக்கு இதைவிட நிம்மதி வேறில்லை. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு டிஸ்னிலேண்ட் போவதாக இருந்தால், கார் து லியோனிலிருந்தே ஆர்.இ.ஆர். ஏ என்ற புறநகர் ரயில் நேராகப் போகிறது. அப்புறம், ஐந்தாவது வட்டாரத்தில் தாவரவியல் தோட்டத்தை ஒட்டிய தெருக்களும் எனக்குப் பிடிக்கும். அமைதி, மரங்கள், நோத்ர் தாம் தேவாலயம் வரை நடந்தே போய்விடலாம்.

நம்மவர்கள் அதிகம் தேடுவது கார் து நோர் ரயில் நிலையத்தின் பக்கம். காரணம் லா சப்பல். நிலையத்திலிருந்து பொடிநடையாகப் போனால் ஈழத்தமிழர் கடைகள், தோசை, இடியாப்பம், கொத்து ரொட்டி எல்லாம் கிடைக்கும். சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து ஆர்.இ.ஆர். பி ரயில் நேராக அங்கே வரும். லண்டனிலிருந்து யூரோஸ்டார் ரயிலில் வருகிறவர்கள் இறங்குவதும் அங்கேதான். சாப்பாட்டு விஷயத்தில் கண்டிப்பான பெரியவர்கள் கூட வந்தால், அங்கே தங்குங்கள் என்று நானே சொல்வேன். ஆனால் நிலையத்துக்கு நேர் எதிரே வேண்டாம். ராத்திரி முழுக்கச் சத்தம், பிக்பாக்கெட் தொல்லையும் உண்டு. கொஞ்சம் கிழக்கே சான் மார்த்தான் கால்வாய்ப் பக்கம் தள்ளி எடுத்தால் தோசையும் கிடைக்கும், தூக்கமும் கிடைக்கும்.

இனி ரூம். இங்கேதான் நம் ஊர்க் கணக்கு சரிவராது. பிரான்ஸில் ஹோட்டல் நட்சத்திரம் அரசு சார்ந்த முறைப்படி கொடுக்கப்படுவது, ஐந்து வருடம் செல்லும். அது அறையின் அளவையும் வசதிகளையும் பார்க்கிறது. தெருச் சத்தத்தையும் மெட்ரோ தூரத்தையும் பார்ப்பதில்லை. மூன்று நட்சத்திர ஹோட்டலில் இருவர் தங்கும் அறைக்குக் குறைந்தபட்ச அளவு குளியலறையையும் சேர்த்து 13.5 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 145 சதுர அடி. இரண்டு பெரிய சூட்கேஸைத் திறந்து வைத்தால் நடக்க இடம் இருக்காது. டபுள் கட்டில் என்றால் பல இடங்களில் 140 சென்டிமீட்டர் அகலம்தான், ஐந்தடி கூட இல்லை. குழந்தையையும் நடுவில் போட்டுச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். எத்தனை பேர் என்று பதிவு செய்தீர்களோ அத்தனை பேரைத்தான் அனுமதிப்பார்கள். மூவருக்கான அறை என்று கேட்டு வாங்குங்கள்.

லிஃப்ட் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. பழைய கட்டடங்களில் படிக்கட்டின் நடுவே கிடைத்த இடத்தில் லிஃப்டைச் செருகியிருப்பார்கள். ஓர் ஆள் சூட்கேஸை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றால் கதவு மூடும், அவ்வளவுதான். சில இடங்களில் தெருவிலிருந்து வரவேற்பறைக்கோ, லிஃப்டுக்கோ போக அரை மாடி ஏற வேண்டும். முட்டி வலிக்காரர் கூட வந்தால் இதை மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள். கூடவே, குளிக்கத் தனி ஷவரா, தொட்டிக்குள் ஏறி இறங்க வேண்டுமா என்றும் கேளுங்கள். வழுக்குகிற உயரமான தொட்டிக்குள் எழுபது வயது அம்மாவை இறக்குவது என்பது எனக்கு நினைத்தாலே பயமாக இருக்கிற காரியம்.

ஏசி விஷயத்தையும் லேசாக எடுக்காதீர்கள். ஐரோப்பாதானே, குளிராகத்தான் இருக்கும் என்று சென்னைக்காரர்கள் சொல்வார்கள். 2019 ஜூலை 25 அன்று இந்த ஊரில் 42.6 டிகிரி வெயில் அடித்தது. ஏசியும் மின்விசிறியும் இல்லாத ஹோட்டல் அறைகள் இன்னும் இருக்கின்றன. ஜன்னலைத் திறந்தால் கீழே காபிக் கடை மேஜைகளின் பேச்சுச் சத்தம் மேலே வரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வருகிறவர்கள் ஏசி இருக்கிற ரூமைப் பாருங்கள், இல்லையென்றால் தெருப் பக்கம் வேண்டாம், உள்முற்றப் பக்கம் கொடுங்கள் என்று எழுதிக் கேளுங்கள்.

ரிவ்யூ படிக்கும்போது மொத்த மதிப்பெண்ணில் மயங்க வேண்டாம். பையை முதுகில் மாட்டிக்கொண்டு தனியாக வந்த இருபத்தைந்து வயதுக்காரர் பத்துக்கு ஒன்பது கொடுத்திருப்பார். அவருக்கு நாலு மாடி ஏறுவது பெரிய விஷயமே இல்லை. குடும்பத்தோடு வந்தவர்கள் எழுதியதை மட்டும் பிரித்துப் படியுங்கள், அதிலும் குறை சொன்னவர்கள் எழுதியதை.

அப்பார்ட்மென்ட் வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்பார்கள். சமைக்க வசதி வேண்டும் என்றால் சமையல் மேடையோடு வருகிற அப்பார்ட் ஹோட்டல்கள் இருக்கின்றன, அவற்றைப் பாருங்கள். தனியார் வீடு என்றால் விளம்பரத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்காமல் எடுக்காதீர்கள். இங்கே ஒருவர் தான் குடியிருக்கும் வீட்டை வருடத்துக்கு 120 நாள் வரை விடலாம் என்று இருந்ததை 2025-லிருந்து 90 நாளாகக் குறைத்துவிட்டார்கள். வீடு கிடைக்காமல் உள்ளூர்க்காரர்கள் படும் அவதியைத் தினமும் பார்க்கிறவன் நான். பதிவில்லாத வீடுகளுக்கு நம் காசு போவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

சுற்றுலா வரி தனி. 2024-இல் அதைக் கிட்டத்தட்ட மூன்று மடங்காக உயர்த்தினார்கள். மூன்று நட்சத்திர ஹோட்டல் என்றால் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு ஐந்து யூரோவுக்கு மேல். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கிடையாது. ஹோட்டல் காலை உணவு வேண்டாம், தெருமுனை பேக்கரியில் சூடாக வாங்கிச் சாப்பிடுங்கள்.

கடைசியாக, இந்தியப் பாஸ்போர்ட்டில் வருகிறவர்களுக்கு. விசா மனுவோடு தங்குமிட ஆதாரம் கேட்பார்கள், அதனால் விசா வருவதற்கு முன்பே ரூம் போட வேண்டிய நிலைமை நமக்கு. சாதாரணமாக 15 நாளில் முடிவு வரும், 45 நாள் வரை இழுக்கவும் விதி இடம் தருகிறது. எனவே இலவசமாக ரத்து செய்யக்கூடிய ரூமை மட்டும் போடுங்கள், ரத்து செய்வதற்கான கடைசித் தேதி உங்கள் விசா முடிவுக்குப் பிறகு வருகிறதா என்று காலண்டரை வைத்துப் பாருங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனு கொடுக்கலாம் என்பதால், சீக்கிரம் கொடுத்தால் நல்ல ரூம்கள் தீருவதற்குள் வேலை முடியும். என்னிடம் ரூம் பற்றிக் கேட்பவர்கள் எந்த மாதம், எத்தனை பேர், கூட வருகிறவர்களில் படி ஏறச் சிரமப்படுகிறவர் யார் என்பதை முதலிலேயே சொல்லிக் கேளுங்கள்.