மீன் என்ன விலை என்று கேட்பது குற்றமா?

உணவக மெனுவில் கோழி பிரியாணிக்கு விலை அச்சிட்டிருக்கிறார்கள். ஆட்டுக்கால் சூப்புக்கு அச்சிட்டிருக்கிறார்கள். தண்ணீர் பாட்டிலுக்கும் எலுமிச்சை சோடாவுக்கும்கூடத் தனித்தனியே அச்சிட்டிருக்கிறார்கள். மீன் இருக்கும் பக்கத்தில் மட்டும் வஞ்சிரம், வவ்வால், கொடுவா, சங்கரா, நண்டு என்று பெயர்களை வரிசையாக எழுதிவிட்டு, விலை இருக்க வேண்டிய இடத்தில் மேலிருந்து கீழ்வரை ‘சைஸுக்கு ஏற்ப’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சென்னையில் கடல் உணவுக்கென்றே பலகை மாட்டியிருக்கும் உணவகங்களில் இது ஊரறிந்த வழக்கமாகிவிட்டது. நாமும் பிள்ளைகளுக்கு முன்னால் விலை கேட்கக் கூச்சப்பட்டு, வருவது வரட்டும் என்று சாப்பிட்டுவிட்டு, பில்லைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வருகிறோம். அந்தக் கூச்சத்தை நம்பித்தான் இவர்கள் கடை நடத்துகிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகஸ்ட் மாதக் கடைசி ஞாயிறன்று நான் கூச்சப்படவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து வந்திருந்த அத்தையை அழைத்துக்கொண்டு குடும்பத்தோடு போயிருந்தேன். சுவரில் மீன்வலை, கூரையில் துடுப்பு, வாசலில் பாதிப் படகு என்று கடலையே பெயர்த்து வந்ததுபோல் ஜோடித்திருந்தார்கள். பரிமாறும் தம்பி ஒரு தட்டில் பனிக்கட்டியைப் பரப்பி, அதன் மேல் நான்கைந்து மீன்களை அடுக்கிக்கொண்டு வந்து நீட்டி, “எது சார் போடட்டும்?” என்றார். ஏறக்குறைய ஒரு சாண் நீளமிருந்த ஒரு சங்கராவைக் காட்டி, “இது என்ன விலை?” என்று கேட்டேன். “சைஸுக்கு ஏத்த மாதிரி வரும் சார்” என்றார். சைஸ் இதோ கண்ணுக்கு முன்னால் தட்டில்தானே கிடக்கிறது, இந்த சைஸுக்கு எவ்வளவு என்று கேட்டேன். “எடை போட்டுத்தான் சார் சொல்ல முடியும்.” சரி, எடை போட்டுச் சொல்லுங்கள் என்றேன். “கிச்சன்லதான் சார் மெஷின் இருக்கு, நீங்க ஓகே சொன்னாதான் கிச்சனுக்குப் போகும்” என்றார். அதாவது விலை தெரிய வேண்டுமானால் முதலில் நான் வாங்கச் சம்மதிக்க வேண்டும். உலகத்தில் வேறு எந்தக் கடையில் இப்படி ஒரு விதி இருக்கிறது? கிலோ என்ன விலை என்றாவது சொல்லுங்கள், மீதிக் கணக்கை நானே போட்டுக்கொள்கிறேன் என்றேன். அதையும் கேட்டுவிட்டு வந்து சொல்வதாகப் போனார்.

இதற்கிடையில் அத்தை தட்டின் மேல் குனிந்து, “செவுளைக் கொஞ்சம் தூக்கிக் காட்டு தம்பி” என்று சொல்லியிருந்தார். கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்தவர் மீனைப் பார்த்ததும் வேறு என்ன கேட்பார்? செவுள் சிவந்திருக்கிறதா, கண் தெளிந்திருக்கிறதா, விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்கிறதா என்று பார்க்காமல் அவர் வாழ்நாளில் மீன் வாங்கியதே இல்லை. அதற்கு அந்தத் தம்பி, “தட்டுல கை வைக்கக் கூடாதும்மா, எல்லாம் ஃப்ரெஷ்தான்” என்று சொல்லித் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அத்தையின் முகம் வாடிப்போனதை நான் பார்த்தேன். பார்க்க விடாத மீனை எதற்காகத் தட்டில் வைத்து மேசை மேசையாகக் காட்டிக்கொண்டு திரிகிறீர்கள்? 2018-இல், கெடாமல் வைப்பதற்காக ஃபார்மலின் என்ற ரசாயனம் கலந்த மீனைப் பற்றிச் செய்திகள் வந்து, மீன் சந்தைப் பக்கம் போகவே மக்கள் தயங்கிய காலத்தை இந்த ஊர் அதற்குள் மறந்துவிட்டதா?

கேட்டுவிட்டு வருவதாகப் போனவர் வரவேயில்லை. அவருக்குப் பதிலாகக் கறுப்புக் கோட்டு அணிந்த, பரிமாறுகிறவர்களை மேற்பார்க்கும் கேப்டன் வந்து, “நார்மல் ரேட்தான் சார், அதிகமெல்லாம் வராது” என்றார். நார்மல் என்றால் எவ்வளவு என்றேன். “நீங்க கவலைப்படாதீங்க சார், நல்லா பண்ணித் தரச் சொல்றேன்” என்றார். நான் கேட்ட கேள்விக்கும் அவர் சொன்ன பதிலுக்கும் என்ன தொடர்பு? பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். அதிகம் வராது என்று அவர் மூன்றாவது முறையாக உறுதி சொன்ன பிறகுதான் தட்டு உள்ளே போனது.

மீன் வந்தது. தட்டில் காட்டிய அதே மீன்தானா என்று தெரியாத அளவுக்குச் சிவப்பு மசாலாவை அப்பி, வெங்காயத்தையும் கொத்தமல்லியையும் மேலே குவித்திருந்தார்கள். பிள்ளைகளுக்காக ஃபிஷ் ஃபிங்கரும் சொல்லியிருந்தோம். அது என்ன மீன் என்று அத்தை கேட்டார். “மீன்தாம்மா” என்றார் தம்பி. என்ன மீன் என்று மறுபடியும் கேட்டார். “போன்லெஸ்மா” என்றார். போன்லெஸ் என்ற பெயரில் எந்தக் கடலில் மீன் நீந்துகிறது? வாயில் வைத்ததும் அத்தைக்குத் தெரிந்துவிட்டது, “இது கடல் மீனே இல்லையே” என்றார். பாசா என்ற பெயரில் வரும் அந்த மீன் வியட்நாமின் மேகாங் ஆற்றுப் பக்கத்துக் கெளுத்தி இனம். இன்று ஆந்திரத்துக் குளங்களிலும் ஏராளமாக வளர்க்கிறார்கள். அதைச் சாப்பிடுவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை, விலை குறைந்த நல்ல உணவுதான். ஆனால் அதைப் பாசா என்று எழுதி விற்கட்டும். வாசலில் படகை நிறுத்தி, வங்கக் கடலுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, குளத்து மீனைப் பெயர் சொல்லாமல் கடல் மீன் விலைக்குத் தருவது ஏமாற்று வேலை. அதற்கு வேறு நாகரிகமான சொல் என்னிடம் இல்லை.

பிறகு பில் வந்தது. ‘மீன் தவா வறுவல், சைஸ், 1, ரூ.1,740’ என்று இருந்தது. ஒரு சாண் சங்கராவுக்கு ஆயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய். எத்தனை கிராம் என்று இல்லை, கிலோ விலை என்ன என்று இல்லை. தம்பியைக் கூப்பிட்டு எடை எவ்வளவு என்று கேட்டேன். கேப்டனைக் கேட்க வேண்டும் என்றார். கேப்டன் வந்து கிச்சனில் எழுதி வைத்திருப்பார்கள் என்றார். கிச்சனிலிருந்து ஒருவர் வந்து சீட்டைக் கல்லாவுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். கல்லாவில் இருந்தவர் சீட்டில் தொகை மட்டும்தான் வரும், எடை வராது என்றார். ஒரே ஒரு எண்ணைத் தெரிந்துகொள்ள நான்கு பேரிடம் நிற்க வேண்டியிருந்தது. அந்த நான்கு பேருக்கும் அது தெரியவில்லை, அல்லது சொல்ல அனுமதியில்லை. சுத்தம் செய்வதற்கு முன் எடை போட்டார்களா, பின்னரா என்று கேட்டபோது அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலையும் குடலும் செதிலும் போனால் மீனின் எடையில் எவ்வளவு குறையும் என்பது சமைக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். நான் தின்னாத குடலுக்கும் என்னிடம்தான் பணம் வாங்கினார்களா? நகைக்கடையில்கூடத் தராசை நம் கண் முன்னால்தானே வைக்கிறார்கள், மீனுக்கு மட்டும் ஏன் சுவருக்குப் பின்னால் வைக்க வேண்டும்?

கடைசியில் மேலாளர் வந்தார். நிதானமாக, எனக்குப் பாடம் நடத்துகிற தொனியில், “தடைக்காலம் சார், அதான் ரேட் ஏறிப்போச்சு” என்றார். அதைக் கேட்டதும் என் பொறுமை முற்றிலும் போய்விட்டது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிகிறது. முன்பு 45 நாளாக இருந்து 61 நாளாக நீட்டப்பட்ட தடை அது, அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. மேற்குக் கடற்கரையில்கூட ஜூலை 31-ஓடு முடிந்துவிடுகிறது. ஆகஸ்ட் மாதக் கடைசியில் இந்தியாவின் இரு கரைகளிலும் படகுகள் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும்போது, எந்தத் தடையைச் சொல்லி என்னிடம் கூடுதலாக வாங்கினார்கள்? தடைக்காலத்தில் படகைக் கரையில் கட்டிப்போட்டுவிட்டு வருமானமில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு மீனவக் குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். இரண்டு மாதப் பிழைப்புக்கு அவ்வளவுதான். அந்த மக்களின் கஷ்டத்தைச் சாக்காக வைத்து, அதுவும் அந்தக் காலம் முடிந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆன பிறகு, ஒரு மீனுக்கு 1,740 ரூபாய் வாங்க இவர்களுக்கு எப்படி மனம் வந்தது? இதை நான் சொன்னதும் மேலாளர் தடைக்காலத்தை விட்டுவிட்டு, “மழை சார்” என்றார்.

பட்டினப்பாக்கம் லூப் சாலைக்குப் போய்ப் பாருங்கள். 2024 ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தில் நவீன மீன் அங்காடி திறப்பதற்கு முன்பு, அங்கே மீனவப் பெண்கள் வெயிலில் பலகை போட்டுத்தான் மீன் விற்றார்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 2023 ஏப்ரலில் மாநகராட்சி அவர்களை அப்புறப்படுத்த முயன்று, அவர்கள் சாலையில் உட்கார்ந்து போராடியதை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்தப் பலகைக்கு முன்னால் போய் நின்றால், நாம் கேட்பதற்கு முன்பே அந்த அக்கா விலையைச் சொல்லிவிடுவார். செவுளைத் தானே தூக்கிக் காட்டுவார். நமக்குக் கட்டுப்படவில்லையென்றால் கிழங்கான் மீனையோ காரப்பொடி மீனையோ எடுத்துப் போகச் சொல்வார். பேரம் பேசலாம், சண்டை போடலாம், வேண்டாம் என்று அடுத்த பலகைக்கும் போகலாம். ஒழுங்கில்லை என்று ஊர் குறை சொன்ன அந்தச் சாலையோர வியாபாரத்தில் இருந்த நேர்மை, குளிர்சாதனமும் கறுப்புக் கோட்டும் வைத்து நடத்துகிற இடத்தில் இல்லாமல் போனது எனக்கு ஆற்ற முடியாத கோபத்தைத் தருகிறது.

மீனுக்கு நிலையான விலை கிடையாது, காசிமேட்டு ஏலத்தில் நாளுக்கு நாள் மாறும் என்று உணவகக்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான், மாறட்டும். விடியற்காலையில் ஏலம் முடிந்துவிடுகிறது, இரவுச் சாப்பாட்டுக்கு நாங்கள் வருவதற்குள் அன்றைய கிலோ விலையை ஒரு கரும்பலகையில் எழுத ஒரு நிமிடம் ஆகாதா? திருவல்லிக்கேணியிலும் ராயபுரத்திலும் பத்துக்குப் பத்து இடத்தில் மெஸ் நடத்துகிறவர்கள் அன்றைக்கு என்ன மீன், துண்டு என்ன விலை என்று சுண்ணாம்புக்கட்டியால் எழுதி வைக்கிறார்களே, அவர்களும் அதே ஏலத்து மீனைத்தானே வாங்குகிறார்கள்? சமைப்பதற்குக் கூலி வேண்டும், எண்ணெயும் வாடகையும் எரிவாயுவும் ஏறியிருக்கின்றன, இரண்டு மடங்கு வைத்தாலும் மூன்று மடங்கு வைத்தாலும் அது அவர்கள் உரிமை. வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது என் உரிமை. பொருளின் தரம், அளவு, விலை ஆகியவற்றைத் தெரிந்துகொள்ளும் உரிமை நுகர்வோருக்கு உண்டு என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது.

இத்தனைக்கும் பிறகு பில்லின் அடியில் பத்து சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்திருந்தார்கள். கேட்ட ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாததற்குப் பெயர் சேவையா? சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் அதை எதிர்த்துப் போன வழக்கில், 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. இதைச் சொன்னதும் ஒரு வார்த்தை பேசாமல் அந்த வரியை நீக்கிப் புதுப் பில் அடித்துத் தந்தார்கள். அதாவது சட்டம் அவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் சேர்க்கிறார்கள். நீங்கள் யாரும் இனி அந்த வரிக்குப் பணம் கட்டாதீர்கள். நீக்க மறுத்தால் அங்கேயே உட்கார்ந்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். மீனுக்கு விலையும் எடையும் சொல்லாவிட்டால் தட்டைத் திருப்பி அனுப்புங்கள், பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்தால் பார்க்கட்டும்.

இந்த மீன் குழம்புச் சாப்பாட்டையும் சொல்லாமல் விடமாட்டேன். நகரத்தின் பாதி உணவகங்களில் மதியம் அதை விற்கிறார்கள். வாளியிலிருந்து ஊற்றுகிற குழம்பில் ஒரு மாங்காய்க் கீற்று இருக்கும், இரண்டு பூண்டுப் பல் இருக்கும், மீனின் முள்கூட இருக்காது. கேட்டால் துண்டு தனியாக வாங்க வேண்டும் என்கிறார்கள். மீன் கொதிக்காத குழம்புக்கு மீன் குழம்பின் ருசி எங்கிருந்து வரும்? மத்தி மீனும் கவலை மீனும் இந்தக் கடலில் கூடை கூடையாக வந்து இறங்குகின்றன, ஒரு சாப்பாட்டுக்கு ஒரு சின்ன மத்தியைப் போடக்கூடவா கட்டுப்படவில்லை? கட்டுப்படவில்லையென்றால் புளிக்குழம்புச் சாப்பாடு என்று எழுதி, அதற்குரிய விலையை வாங்கட்டும். நான் மறுபேச்சு இல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறேன்.