தனுஷ்கோடிக்குத் திட்டம் போடுவோர் முதலில் பட்டாவைப் பேசட்டும்

தனுஷ்கோடி சுற்றுலாவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பார்வைக் கோபுரம், வாகன நிறுத்துமிடம், தங்கும் விடுதி, படகுச் சவாரி என்று ஒரு பட்டியல் வந்துவிடுகிறது. அந்த மணலில் குடியிருக்கும் மீனவக் குடும்பங்களின் மனைப் பட்டா அதில் இடம்பெறுவதில்லை. அந்தப் பட்டியல் அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல், தபால் நிலையமும் சுங்க அலுவலகமும் ரயில் நிலையமும் கொண்டிருந்த ஒரு துறைமுக ஊரை அழித்தது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த பிறகும் மீனவர்கள் அங்கே திரும்பினார்கள் என்றால் அதற்குக் காரணம் உண்டு. தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை. அப்பகுதி மக்கள் இவற்றை ஆண்கடல், பெண்கடல் என்பார்கள். காற்று மாறி ஒரு கடல் சீறும் பருவத்தில் மற்றக் கடலில் வலை வீசலாம். இப்படிப்பட்ட இடத்தை எந்த மீனவரும் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார். ஆனால் அந்த அறிவிப்பின் நிழலிலேயே இரண்டு மூன்று தலைமுறைகள் ஓலைக் குடிசைகளில், உரிமை ஆவணம் ஏதுமின்றி வாழ்ந்துவிட்டன.

2017-இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக நிலத்தின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை, ஏறத்தாழ ஒன்பதரை கிலோமீட்டருக்குச் சாலை திறக்கப்பட்டது. அதுவரை மணலிலும் நீரிலும் ஜீப்பும் வேனும் ஓட்டிப் பிழைத்தவர்களின் தொழில் அதோடு நசிந்தது. ஆயினும் சாலை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பிரசவ வலியெடுத்த பெண்ணுக்கும் பிடித்த மீனுக்கும் அது தேவை. என் வருத்தம், சாலையோடு சேர்ந்து வந்திருக்க வேண்டிய திட்டம் வரவில்லை என்பதே.

கரைவலையை எடுத்துக்கொள்ளுங்கள். படகில் சென்று வலையை அரைவட்டமாக வளைத்துவிட்டு, இரு முனைக் கயிறுகளையும் கரையில் நின்று ஆணும் பெண்ணுமாகப் பலர் இழுக்கிறார்கள். இதற்கு நீண்ட, தடையற்ற கரை வேண்டும். கடைகளும் நிறுத்திய கார்களும் எங்கே நிற்கலாம் என்று முடிவெடுக்கும்போது, எந்தெந்தக் கரை யாருடைய பாடு, அதாவது யார் வலை இழுக்கும் இடம் என்பதை அந்த மக்களிடம் கேட்டு வரைபடத்தில் குறித்திருக்க வேண்டும். இது புதிய கோரிக்கையுமல்ல. மீனவர்களின் பொதுப் பயன்பாட்டு இடங்களையும் நீண்டகால வீட்டுத் தேவையையும் கடலோர மேலாண்மைத் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று மத்திய அரசின் 2011-ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே சொல்லியிருந்தது.

எல்லாவற்றையும்விட எனக்கு அச்சம் தருவது தண்ணீர். இரு கடலுக்கு நடுவே, சில அடி மணலைத் தோண்டினால் நல்ல நீர் ஊறுகிறது. பெண்கள் அதை அகப்பையால் மொண்டு குடத்தில் நிரப்புகிறார்கள். மழைநீர் மணலில் இறங்கி, தன்னைவிடக் கனமான உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதப்பதால்தான் இது கிடைக்கிறது. மோட்டார் வைத்து இறைத்தால் கீழிருக்கும் உப்புநீர் மேலேறிவிடும். விடுதிகளின் கழிவுநீர்த் தொட்டி கசிந்தால் அதே ஊற்று நஞ்சாகும். எத்தனை பேர் வரலாம், எத்தனை கழிப்பறை, கழிவு எங்கே போகும் என்ற கணக்கை இந்த மெல்லிய நீரடுக்கிலிருந்து தொடங்காத திட்டம் எதுவும் அந்த மண்ணுக்கு ஆகாது. 2025-இல் அங்கே ஏறக்குறைய 525 ஹெக்டேர் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. பறவைகளுக்குக் கோடு கிழித்துக் கொடுத்த அரசால் ஊற்றுகளுக்கும் கோடு கிழிக்க முடியும்.

கடலோர மக்கள் தங்கள் வீட்டின் அமைப்பை மாற்றாமல் பயணிகளைத் தங்கவைக்கலாம் என்று அதற்குப் பின் வந்த 2019-ஆம் ஆண்டுக் கடலோர அறிவிக்கை இடமளிக்கிறது. நல்ல விதி. ஆனால் பட்டா இல்லாத குடிசையை எந்த அலுவலகம் தங்குமிடமாகப் பதிவு செய்யும், எந்த வங்கி அதற்குக் கடன் கொடுக்கும்? சட்டம் திறந்துவிட்ட கதவு வெளியிலிருந்து முதலோடு வருபவருக்கே பயன்படுகிறது. உள்ளூர்க்காரருக்கு மிஞ்சுவது சங்கு, பாசிமணி விற்கும் தற்காலிகக் கடை மட்டுமே.

மீண்டும் புயல் வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. அதை ஒதுக்கிவிட்டுப் பேசக் கூடாது. பாதுகாப்பான மேட்டில் மனைகளும் புயல் பாதுகாப்பு மையமும் கொடுத்து, கரைமீது தொழில் உரிமையைச் சமூகத்தின் பெயரில் கூட்டாக எழுதிக்கொடுக்கலாம். உயிருக்கு ஆபத்து என்று மக்களுக்குப் பட்டா மறுத்துவிட்டு, அதே மணலில் விடுதிக்கு இடம் தேடுவதை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது.

இதே இராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்கு அருகே காரங்காட்டில், அலையாத்திக் காட்டைச் சுற்றிக்காட்டும் படகுகளை வனத்துறையோடு இணைந்து ஊர் மக்களே ஓட்டுகிறார்கள். ஊர்ப் பெண்கள் மீன் சாப்பாடு சமைத்து விற்கிறார்கள். தனுஷ்கோடிக்கான அடுத்த திட்ட அறிக்கையை எழுதப்போகும் அதிகாரிகள் ஒரு நாள் காரங்காட்டுக்குப் போய்வர வேண்டும். பிறகு அரிச்சல்முனைச் சாலையோரத்துக் குடிசைகளின் முன் அமர்ந்து, குடும்பவாரியாகக் கணக்கெடுத்து, அந்தப் பட்டியலைத் தங்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில் இணைக்க வேண்டும்.