ஓட்டுப் போட உள்ளூர்க்காரன், நிற்கப் போனால் வெளியூர்க்காரன்

எங்கள் தொகுதி தேவிகுளம், கேரளத்தில் மூணாறு தேயிலைத் தோட்டங்கள் இருக்கும் சட்டமன்றத் தொகுதி. எங்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு மலை ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள். எங்கள் தொகுதி வேட்பாளரைப் பற்றிய அந்த மேடைப் பேச்சைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று ராத்திரிக்குள் எல்லா குரூப்பிலும் வந்துவிட்டது, கூடவே சிரிப்பு ஸ்மைலி வேறு. "தேவிகுளத்துக்கு எப்பப் பார்த்தாலும் தமிழ்நாட்டுக்காரன்தானா, நம்ம ஆளே கிடைக்கலையா?" பேசியவர் பெயரைப் போட மாட்டேன். பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்கள் நிம்மதியாக இருங்கள். எனக்குக் கோபம் பேசியவர் மேல்கூட இல்லை. பின்னால் உட்கார்ந்து சிரித்தார்களே, அதில் பாதிப் பேர் தேர்தல் வந்தால் லயம் லயமாக (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஏறி "அண்ணே, அக்கா, நம்ம சின்னத்தை மறந்திடாதீங்க" என்று தமிழில் கும்பிடுகிறவர்கள். ஓட்டுக் கேட்கும்போது நாங்கள் உள்ளூர்க்காரர்கள். எங்களில் ஒருத்தன் நிற்கப் போனால் "நாடு எவிடயா?" சொந்த ஊர் எது என்று மலையாளத்தில் கேள்வி.

சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தேவிகுளம் தனித் தொகுதி. கேரளத்தின் 140 தொகுதிகளில் 14 பட்டியல் சாதியினருக்கு, 2 பழங்குடியினருக்கு. தனித் தொகுதியில் நிற்க வேண்டுமானால் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு இரண்டு விஷயம் கேட்கிறது: அந்த மாநிலத்தின் பட்டியல் சாதி ஒன்றில் உறுப்பினராக இருக்க வேண்டும், அந்த மாநிலத்தின் ஏதாவது ஒரு சட்டமன்றத் தொகுதியில் வாக்காளராக இருக்க வேண்டும். வயது 25. டெபாசிட் 5,000 ரூபாய், பொதுப் பிரிவு வேட்பாளர் என்றால் 10,000. அவ்வளவுதான். தாத்தா எந்த ஊரில் பிறந்தார் என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை.

ஆனால் "அந்த மாநிலத்தின் பட்டியல் சாதி" என்பதை நிரூபிக்கும் இடத்தில்தான் எங்கள் ஆட்கள் கழுத்து மாட்டிக்கொள்கிறது. பட்டியல் சாதிகள் ஆணை வந்தது 1950 ஆகஸ்ட் 10. அந்தத் தேதியில் உன் குடும்பம் எந்த மாநிலத்தில் குடியிருந்ததோ அந்த மாநிலத்தில்தான் நீ பட்டியல் சாதி. பிறகு இடம்பெயர்ந்தால் சாதி கூடவே வரும், சலுகை வராது. 1990-இல் மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது, 1994-இலும் அதையே சொன்னது. பள்ளர், பறையர், சக்கிலியர் மூன்று பெயரும் தமிழ்நாட்டுப் பட்டியலிலும் உண்டு, கேரளப் பட்டியலிலும் உண்டு. மாநில எல்லையான போடிமெட்டுக்கு அந்தப் பக்கமும் தீண்டாமை, இந்தப் பக்கமும் தீண்டாமை. ஆனால் 1949-இல் மலை ஏறியவரின் பேரன் எஸ்.சி., 1952-இல் ஏறியவரின் பேரன் யாருமில்லை. இருவரும் ஒரே லயத்தில் பிறந்தவர்கள், ஒரே பைப்பில் தண்ணீர் பிடித்தவர்கள்.

இன்னொரு கூத்து. 1950-இல் கேரளமே கிடையாது, திருவிதாங்கூர்-கொச்சிதான். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, 1956 நவம்பர் 1-இல்தான் சென்னை மாநிலத்துக்குப் போனது. அப்படியென்றால் செங்கோட்டையிலிருந்து அந்தக் காலத்தில் மூணாறு வந்தவர் மாநிலமே தாண்டவில்லை. சென்னை மாநிலத்தில் இருந்த கயத்தாறிலிருந்து வந்தவர் தாண்டினார். இதை ஒரு வில்லேஜ் ஆபீஸ் கவுண்டரில் நின்று சொல்லிப் பாருங்கள், உங்களை எப்படிப் பார்ப்பார்கள் என்று.

இப்போது எனக்கு எரிச்சல் வரும் இடத்துக்கு வருகிறேன். தேவிகுளம் ஏன் தனித் தொகுதி? 2002 மறுவரையறைச் சட்டப்படி, பட்டியல் சாதி மக்கள்தொகை விகிதம் ஒப்பீட்டளவில் அதிகமாக உள்ள பகுதிகளில்தான் தனித் தொகுதிகளை வைக்க வேண்டும், மாநிலத்தின் வெவ்வேறு பாகங்களில் பரப்பியும் வைக்க வேண்டும். 2008-இல் தொகுதி எல்லைக் கோடு போட்டபோது எடுத்துக்கொண்டது 2001 கணக்கெடுப்பை. கணக்கெடுக்க வருகிறவர் சர்டிபிகேட் கேட்பதில்லை. சாதிப் பெயரைக் கேட்பார், மாநிலப் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால் எழுதிக்கொண்டு போவார். அதாவது எங்கள் தலைகளையும் எண்ணித்தான் இந்த விகிதம் வந்தது. தலையை எண்ணும்போது சர்டிபிகேட் வேண்டாம். அந்தத் தலை நாளைக்கு வேட்புமனு எடுத்துக்கொண்டு போனால் வேண்டும், அதுவும் 1950-க்கு முந்தைய ஆதாரத்தோடு. இதை யாராவது எனக்கு நியாயமாக விளக்குங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

"வாங்க வேண்டியதுதானே சர்டிபிகேட், என்ன கஷ்டம்?" என்று கமெண்டில் ஒரு தம்பி. தம்பி, அக்ஷயா சேவை மையத்தில் போய் அரசின் இ-டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் விண்ணப்பம் போடுவது பத்து நிமிட வேலை. அது வில்லேஜ் ஆபீசருக்குப் போகும், அவர் விசாரித்து ரிப்போர்ட் எழுத வேண்டும், தாசில்தார் கையெழுத்துப் போட வேண்டும். சந்தேகம் என்றால் 1996-ஆம் ஆண்டு சாதிச் சான்றிதழ் சட்டத்தின்படி கிர்டாட்ஸ் என்ற அரசு ஆய்வு நிறுவனத்தின் விசாரணை, ஆய்வுக் குழு. மற்ற ஊர்களில் தாத்தா பெயரில் பட்டா இருக்கும், வரி கட்டிய ரசீது இருக்கும், பழைய ஆதாரம் இருக்கும். தோட்டத்தில் என்ன இருக்கும்? வீடு கம்பெனியுடையது, நிலம் கம்பெனியுடையது. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தாத்தா இங்கே இருந்தார் என்பதற்கு ஒரே சாட்சி கம்பெனி நோட்டு.

அந்த நோட்டு எப்படி இருக்கும் தெரியுமா? எங்கள் டிவிஷனில் (எஸ்டேட்டின் ஒரு பிரிவு) ஓர் அக்கா, பஞ்சாயத்து வார்டு எஸ்.சி. பெண்களுக்கு ஒதுக்கீடாக வந்த வருடம் நிற்க ஆசைப்பட்டார். பள்ளிக்கூடப் பதிவேட்டில் சாதி சரியாகத்தான் இருந்தது. 1950-க்கு முன் தாத்தா இங்கே இருந்ததற்கு ஆதாரம் கொண்டு வா என்றார்கள். எஸ்டேட் ஆபீசில் கெஞ்சிக் கூத்தாடி பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) ஒன்றின் நகல் எடுத்தார்கள். ஆங்கிலத்தில், மசி பரவிய எழுத்து. ஒரே பக்கத்தில் நாலு கருப்பன். அப்பா பெயர் கிடையாது, ஊர் கிடையாது. கருப்பன் ஒன்று, கருப்பன் இரண்டு என்று நம்பர், பக்கத்தில் கங்காணி (ஆள் பிடித்து வந்து வேலை வாங்கிய மேஸ்திரி) பெயர், அப்புறம் வேலை செய்த நாளுக்குக் கோடு. அக்காவின் தாத்தா மூன்றாம் கருப்பன். கங்காணி பெயரை வைத்து வீட்டில் பெரியவர்கள் அடித்துச் சொன்னார்கள். ஆனால் இறப்புப் பதிவில் அவர் பெயர் கருப்பையா. "மூன்றாம் கருப்பனும் கருப்பையாவும் ஒரே ஆள் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்" என்றார்கள். தேர்தல் அறிவிப்பு வந்தால் மனு போட ஒரு வாரத்தைத் தாண்டிக் கிடைக்காது. மூன்றாம் கருப்பன் அதற்குள் கருப்பையா ஆகவில்லை. அந்த வார்டில் நின்றவர், ஜெயித்தவர் எல்லாம் வேறு ஆள். நல்ல மனுஷி, குறை சொல்ல மாட்டேன்.

இனி ராஜா வழக்கு. அது வராமல் இந்தப் பேச்சு முடியாது. 2021-இல் தேவிகுளத்தில் மார்க்சிஸ்ட் கட்சியின் ஆ. ராஜா (தி.மு.க. ராசா இல்லை) 7,848 ஓட்டில் ஜெயித்தார். சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். கையில் கொடுத்த தமிழ் வாசகத்தில் கடவுள் பெயரால் என்றோ உளமார என்றோ வர வேண்டிய இடம் விடுபட்டிருந்தது. மறுபடி ஜூன் 2-ஆம் தேதி எடுக்க வைத்தார்கள். முறையாக உறுதிமொழி எடுக்காமல் அவையில் உட்கார்ந்தால் அரசியலமைப்பின் 193-ஆம் பிரிவுப்படி நாளுக்கு 500 ரூபாய் அபராதம் என்று அதையும் கிளப்பினார்கள். தப்பான வாசகத்தைத் தயாரித்துக் கொடுத்தவர் யார் என்று அந்த அளவுக்கு யாரும் கிளப்பவில்லை.

அடுத்தது தேர்தல் வழக்கு. முடிவு வந்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும், தோற்றவர் போட்டார், அது அவர் உரிமை. 2023 மார்ச் 20-இல் கேரள உயர் நீதிமன்றம் தேர்தல் செல்லாது என்றது. கிறிஸ்தவர், எனவே எஸ்.சி. இடத்தில் நிற்க முடியாது என்று. சர்ச் பதிவேடுகள் வந்தன, கல்யாண போட்டோவில் யார் என்ன உடுத்தியிருந்தார்கள் என்பதுகூட வந்தது. 2025 மே 6-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து ராஜாவின் வெற்றி செல்லும் என்றது. ஐந்து வருடப் பதவியில் கிட்டத்தட்ட நாலு வருடம் தலைக்குமேல் வழக்கு. அவருடைய கட்சிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அவர் எம்.எல்.ஏ.வாக என்ன செய்தார் என்பதற்குத் தனியாக ஒரு பதிவு போடலாம், அதில் எனக்கும் நிறைய வருத்தம் உண்டு. ஆனால் அந்த வழக்கில் மதத்தோடு சேர்ந்து இன்னொரு கேள்வியும் ஓடிக்கொண்டிருந்தது: குடும்பம் எப்போது மலைக்கு வந்தது? எத்தனை எம்.எல்.ஏ.க்களிடம் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது?

"அதான் சுப்ரீம் கோர்ட் தீர்த்துவிட்டதே, இன்னும் என்ன?" தீர்த்தது ஒருவருடைய ஆவணங்களை. மூன்றாம் கருப்பனுடையதை இல்லை.

"ஏ.கே. மணி மூன்று தடவை, எஸ். ராஜேந்திரன் மூன்று தடவை, பிறகு ராஜா. 1991-லிருந்து தமிழர்கள்தானே இருக்கிறார்கள், என்ன புலம்பல்?" இருக்கிறார்கள். ஆதாரம் காட்ட முடிந்த குடும்பங்களிலிருந்து இருக்கிறார்கள். ஆதாரம் இல்லாதவன் வேட்பாளர் பட்டியலுக்கே வர மாட்டான், அதனால் அவன் கணக்கிலும் வர மாட்டான்.

ஒரு வாதத்தை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன். இங்கேயே பரம்பரையாக இருக்கும் புலையர், பறையர் குடும்பங்களுக்கான இடத்தை வெளி மாநிலத்திலிருந்து வருகிறவர்கள் வாரிக்கொண்டு போகக்கூடாது என்பது. நியாயம். நேற்று வந்தவன் இன்றைக்கு நிற்கக்கூடாது என்று ஒரு கோடு வேண்டும், சரி. ஆனால் அந்தக் கோடு ஏன் 1950-லேயே உறைந்து கிடக்க வேண்டும்? மூன்று தலைமுறை இங்கேயே பிறந்து, இங்கேயே கொழுந்து கிள்ளி, இங்கேயே புதைக்கப்பட்டால் போதாதா? கோட்டை நகர்த்த பாராளுமன்றத்தால்தான் முடியும் என்பது எனக்கும் தெரியும், அதைப் போய்க் கேட்க வேண்டியது யார்?

"பொதுத் தொகுதியில் நில்லுங்கள்." அடடா. உடும்பஞ்சோலை பொது, பீர்மேடு பொது. ஒரு தோட்டத் தொழிலாளித் தலித்துக்கு அங்கே எந்தக் கட்சி சீட் கொடுக்கும்? பெயரைச் சொல்லுங்கள், அந்தக் கட்சியில் நாளைக்கே சேருகிறேன்.

"நீங்கள் தமிழ்நாடு, கேரளம் இரண்டு பக்கமும் ஓட்டு வைத்திருப்பவர்கள்." வந்துவிட்டார்கள். இரண்டு தொகுதியில் பெயர் இருப்பது 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி தப்பு. இருந்தால் படிவம் 7 கொடுத்து நீக்குங்கள், நானே நிரப்பித் தருகிறேன். ஆனால் போடியில் ஒரு பங்கு வீடு இருப்பதாலேயே ஒருவன் அங்கே வசிப்பவன் ஆகிவிட மாட்டான், 20-ஆம் பிரிவே அதைச் சொல்கிறது. துபாயில் வேலை செய்து கோட்டயத்தில் வீடு கட்டியவரை யாரும் "எந்த நாட்டுக்காரன்" என்று கேட்பதில்லை.

எல்லாம் பழைய கதைதான். 1955-இல் மாநிலச் சீரமைப்பு ஆணையம் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு இருக்கட்டும் என்றபோது சொன்ன காரணங்களில் ஒன்று, இங்கே உள்ள தமிழர்கள் பெரும்பாலும் வந்து போகும் தோட்டக் கூலிகள் என்பது. நிலம் யாருக்கு என்ற கேள்வியில் வந்து போகிறவர்கள். 2015-இல் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் தோட்டத் தொழிலாளிப் பெண்கள் கூலி உயர்வு கேட்டு மூணாறு ரோட்டில் உட்கார்ந்தபோதும் தமிழ்நாட்டிலிருந்து யாரோ தூண்டிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அப்போது தினக்கூலி 232 ரூபாய். அதற்குத் தூண்டிவிட ஆள் வேண்டுமா?

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் நிலச்சரிவு, லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர். நாலு பேர் உடல் கிடைக்கவே இல்லை. மறுநாள் கோழிக்கோடு விமான நிலையம் உள்ள கரிப்பூரில் விமான விபத்து. அங்கே இறந்தவர்களுக்கு மாநில அரசு 10 லட்சம் அறிவித்தது, பெட்டிமுடிக்கு 5 லட்சம். கரிப்பூருக்கு முதல்வர் மறுநாளே போனார், பெட்டிமுடிக்கு 13-ஆம் தேதி வந்தார். மழை, ரோடு இல்லை, தெரியும், எல்லாக் காரணமும் தெரியும். 5 லட்சத்துக்கு என்ன மழை? அந்த 70 பேரும் மண்ணுக்குள் போனது இந்தத் தொகுதியில்.  அவர்களுக்காகக் கத்த வேண்டிய ஒரே நாற்காலி இந்தத் தொகுதி எம்.எல்.ஏ. நாற்காலிதான், அதில் யார் உட்கார வேண்டும் என்பது சிரித்துக்கொண்டே பேசுகிற விஷயமா?

விடுங்கள், மேலே எழுதினால் கெட்ட வார்த்தை வந்துவிடும். மூணாறு, மறையூர், வட்டவடை பக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். தேர்தல் வரட்டும் என்று இருக்காதீர்கள். தாத்தா பாட்டியின் செக்ரோல் பக்கம், பி.எஃப். நாமினி படிவம், கிராஜுவிட்டி தாள், பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவு, பிறப்பு இறப்புப் பதிவு, எது கிடைத்தாலும் சான்றிட்ட நகல் எடுத்து வையுங்கள். செக்ரோல் நகலில் எஸ்டேட் சீலும் டிவிஷன் பெயரும் வருடமும் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள், வருடம் இல்லாத பக்கத்தை யாரும் ஏற்க மாட்டார்கள். பெயர் இரண்டு விதமாக இருந்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரே ஆள் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். உதவி வேண்டுமானால் டிவிஷன் பெயரையும் தாத்தா பெயரையும் இன்பாக்ஸில் அனுப்புங்கள். கமெண்டில் வேண்டாம், அங்கே இப்போதே "பாண்டி" என்று (தமிழர்களை இளக்காரமாகச் சொல்வது) இரண்டு பேர் ஆரம்பித்துவிட்டார்கள்.