அப்ளிகேஷன் போடுறது வேற, அட்வான்ஸ் கட்டுறது வேற

ஜனவரி ஆரம்பிச்சாலே ப்ளஸ் டூ பிள்ளைங்க இருக்குற வீட்டுக்கு போன் வர ஆரம்பிச்சிடும். "சார் இன்ஜினியரிங்ல சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயின்ஸ்) சீட் ஃபுல் ஆகப்போகுது, இந்த வாரத்துக்குள்ள புக் பண்ணா ஸ்காலர்ஷிப்"னு. பையன் இன்னும் பிராக்டிகலே முடிச்சிருக்க மாட்டான்.

எங்க அக்கா இதுல மாட்டுச்சு. அது பையன் 2024ல ப்ளஸ் டூ. ஜனவரியிலயே ஒரு டீம்டு யுனிவர்சிட்டில (நிகர்நிலை பல்கலைக்கழகம், கவர்மெண்ட் கவுன்சிலிங்ல வராது, அவங்களே நேரடியா சேர்த்துப்பாங்க) ஐம்பதாயிரம் கட்டிட்டு வந்துதான் எனக்கே போன் பண்ணுச்சு, ஏன்க்கா அவசரம்னு கேட்டா, எல்லாரும் கட்டுறாங்கடா, அப்புறம் சீட் இல்லேன்னுட்டா என்ன பண்றதுன்னு. அந்த பயத்தை வச்சுதான் அவங்களுக்கு யாவாரமே.

அந்த வருஷம் ரிசல்ட் மே 6. அண்ணா யுனிவர்சிட்டி, கவர்மெண்ட் காலேஜ், கவர்மெண்ட் நடத்துற இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல வர்ற பிரைவேட் காலேஜ் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ஆன்லைன் அப்ளிகேஷன், அதுவும் அதே நாள்தான் ஆரம்பிச்சுது. பீஸு 500 ரூபா, எஸ்சி, எஸ்டிக்கு 250. முதல் நாள் போட்டாலும் கடைசி நாள் போட்டாலும் ரேங்க் மாறாது. மேக்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, மொத்தம் 200க்கு கட்ஆஃப், அவ்ளோதான்.

அதுக்காக கடைசி நாள் வரைக்கும் தூங்கிடாதீங்க. சர்ட்டிபிகேட் இருக்கே, அதுதான் தலைவலி. முதல் பட்டதாரி சான்றிதழ், அதாவது வீட்டுல முதல் ஆளா டிகிரி படிக்கிற பிள்ளைக்கு பீஸ் சலுகை வாங்குற பேப்பர், அதை இ-சேவைல போட்டா விஏஓ, ஆர்ஐ, தாலுகா ஆபீஸ்னு ஒவ்வொரு டேபிளா நகரணும், மே மாசம் மொத்த ஊரும் அங்கதான் நிக்கும். சீக்கிரம் பண்ணணும்னா இதை பண்ணுங்க, மார்ச்ல பரீட்சை முடிஞ்ச கையோட. எங்க மாமாவும் அக்காவும் காலேஜ் வாசப்படி மிதிக்காதவங்க, அதனால பையனுக்கு அந்த சலுகை உண்டு, ஆனா கவுன்சிலிங் வழியா சேர்ந்தாதான். மேனேஜ்மெண்ட் கோட்டாவுலயோ டீம்டுலயோ போனா அந்த பேப்பரை ஃப்ரேம் போட்டு மாட்டிக்க வேண்டியதுதான். இதை எந்த போன்லயும் சொல்ல மாட்டாங்க.

சும்மா போட்டு வைடான்னு நான் கத்தி கத்தி அப்ளை பண்ண வச்சேன். கவுன்சிலிங்ல ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) கிடைச்சுது, வீட்டுலேர்ந்து பஸ்லயே போயிட்டு வர்ற தூரம். அப்புறம்தான் அந்த ஐம்பதாயிரத்துக்கு அலைச்சல். 2024-25க்கு யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, தெளிவா சொல்லிருந்துச்சு, செப்டம்பர் 30க்குள்ள சீட்டை கேன்சல் பண்ணா முழு பீஸையும் திருப்பி தரணும்னு. அதை பிரிண்ட் எடுத்துட்டு போனா கவுண்டர்ல இருந்தவரு "இது ரிஜிஸ்ட்ரேஷன் பீஸ் சார், அதுல வராது"ங்குறாரு. மூணு தடவை நேர்ல, எத்தனையோ மெயில். நல்லவேளை ஒரிஜினல் மார்க்‌ஷீட்டை குடுக்கல, குடுத்திருந்தா கதையே வேற. கடைசில தீபாவளி தாண்டி நாற்பதாயிரம் வந்துச்சு.

டீம்டே வேணாம்னு சொல்லல. காசு இருக்கு, பிடிச்ச கோர்ஸ் வேற எங்கயும் இல்லேன்னா தாராளமா சேருங்க. ஆனா மார்க் வர்றதுக்கு முன்னாடி எதுக்கு பணத்தை கட்டணும்? ஆகஸ்ட்ல கூட எத்தனை காலேஜ் கூப்பிட்டு கூப்பிட்டு சீட் குடுக்குதுன்னு பாருங்க.

அக்காவோட சின்னப் பொண்ணு இப்ப பத்தாவது. அவளுக்கு எந்த ஸ்கூல்ல ப்ளஸ் ஒன் சீட் "புக்" பண்ணலாம்னு போன வாரம் கேக்குது.